யூலிரா என்றால் என்ன?

"உங்க வாயில ஒரு நாளாவது உண்மை வருமா?"

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள் மனைவி. அவள் கையில் கேக் வெட்டும் கத்தி. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

ஹாலில் அவர்களுடைய மூன்றாவது மகளின் முதல் பிறந்த நாள். கேக்கை இன்னும் வெட்டவில்லை. அதற்குள் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நிலைமைக்கு வந்திருந்தார்கள்.

ஆரம்பித்து வைத்தவள் மெக்கானிக்கின் அக்கா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேக்கில் இருந்த பெயரைப் பெருமையாகப் பார்த்தாள்.

"யூலிரான்னா 'அக்காவின் பாசம்'னு அர்த்தம். ஏதோ தீவு பாஷையாம். என்னை நினைச்சு என் தம்பி வச்ச பேரு. கேட்டதும் அழுதுட்டேன். அதான் என் தையல் கடை போர்டையே மாத்தி 'யூலிரா டைலர்ஸ்'னு எழுதிட்டேன்."

"யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?" மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார் மாமனார். ரிட்டயரான சரித்திர வாத்தியார். "யூலிரா ஒரு மகாராணி. நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் கட்டினவ. 'உங்க பேத்திக்கு வேற என்ன பேர் வைக்க முடியும் மாமா'ன்னு மாப்பிள்ளைதான் சொன்னார்."

"நிஜமாவே அப்படி ஒரு ராணி இருந்தாளா?" என்றாள் அக்கா.

"இருந்தாளாவா? அவ போட்ட மூணு சண்டையையும் நானே பாடம் நடத்தியிருக்கேன்!"

மெக்கானிக்குக்கே அது புதுச் செய்தி.

மனைவியின் அண்ணன் சிரித்தார். வாடகை வேன் ஓட்டுகிறவர். குழந்தையை லாகவமாகத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ராணியாவது கூனியாவது! உலகத்துலயே பத்துப் பன்னெண்டு பேருக்குத்தான் இந்தப் பேரு. அத்தனை பேரும் கோடீஸ்வரி. தாய்மாமனுக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும்னு மச்சான் அடிச்சுச் சொன்னார். வேன் பின்னாடி பெரிசா எழுதியே வச்சுட்டேன்."

"அடிச்சுதா அதிர்ஷ்டம்?" என்று கேட்டாள் அக்கா.

"லாரி அடிச்சுது. வேன் பின்பக்கம் அப்பளமா நொறுங்கிடுச்சு. ஆனா பேர் மேல ஒரு கீறல் விழலையே! அது அதிர்ஷ்டம் இல்லாம வேற என்ன?"

மூவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்தாற்போல் மெக்கானிக்கைத் தேடினார்கள். அதற்குள் மனைவி அவனைச் சமையலறைக்குள் தள்ளியிருந்தாள்.

"எனக்கு என்ன சொன்னீங்க? 'நிலா வெளிச்சம்'னு அர்த்தம்னு சொல்லலை? நானும் பைத்தியக்காரி மாதிரி ஒரு வருஷமா, 'என் நிலா வெளிச்சமே'ன்னு அவளைக் கொஞ்சிக்கிட்டிருக்கேன். புளுகுக்கு ஒரு அளவு வேண்டாம்? இப்பவாவது சொல்லுங்க. யூலிரான்னா என்ன?"

"வாளி."

"என்னது?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல தரை துடைக்கிற வாளி ஒண்ணு இருந்துது. அதைப் பண்ணின கம்பெனியோட பேரு."

கத்தி கைநழுவிக் கீழே விழுந்தது.

"பெத்த பொண்ணுக்கு வாளி பேரா! இதோ போய் எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கிறேன். கடை போர்டுலயும் வேன்லயும் வாளிதான் தொங்குதுன்னு தெரியட்டும்."

"உடை. ஆனா இதையும் கேட்டுட்டுப் போ." அவன் குரல் தாழ்ந்தது. "மூணாவதும் பொண்ணுன்னு சொல்லி நர்ஸ் குழந்தையை வெளிய கொண்டு வந்தாங்க. மூணு பேரும் அங்கதான் இருந்தாங்க. மாமா பேப்பரைப் பிரிச்சு முகத்தை மூடிக்கிட்டார். உங்க அண்ணன் சவாரிக்கு நேரமாச்சுன்னு கிளம்பினார். என்ன பேர் வைக்கலாம்னு கேட்டேன். 'ஏதாவது வை'ன்னா எங்க அக்கா. வாங்குறதுக்கு ஒரு கை நீளலை. நானே வாங்கிக்கிட்டேன். எதிர்ல வாளி இருந்துது. அதுல இருந்ததைப் படிச்சேன்."

கதவைத் திறக்கப் போனவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்புறம் ஒவ்வொருத்தரையா போய்ப் பார்த்தேன். யாருக்கு என்ன சொன்னா இவளைத் தூக்குவாங்களோ, அதைச் சொன்னேன்."

"சரி, அவங்களுக்குச் சொன்னீங்க. எனக்கு எதுக்கு அந்த நிலா வெளிச்சம்?"

அவன் குனிந்து கத்தியை எடுத்தான். அதைக் கழுவினான். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"அவளைக் கொண்டு வந்து உன் பக்கத்துல விட்டேன். நீயும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டே."



வெளியே கதவைத் தட்டினார்கள். "உள்ள என்ன ரகசியம்? வெளிய வந்து யார் சொல்றது சரின்னு சொல்லுங்க!"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஹாலில் குழந்தை தாய்மாமன் தோளில் இருந்தது. அதன் ஒரு கை அத்தையிடம், ஒரு கால் தாத்தாவிடம். "கொடுங்க, இப்பத்தானே வாங்கினீங்க!" என்று அத்தை சிணுங்கினாள். குழந்தை மூவரையும் பார்த்துச் சிரித்தது.

"சொல்லும்மா," என்றார் வாத்தியார். "இந்தப் பேருக்கு எதுதான் அர்த்தம்?"

அவள் கணவனை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க மூணு பேரும் சொன்னது சரிதான்ப்பா. அது ரொம்பப் பெரிய பேரு, எல்லாமே அதுக்குள்ள இருக்கு. சரி, இவ ஏன் இன்னும் நடக்கலைன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். காலெல்லாம் நல்லாத்தான் இருக்காம். தரையில விட்டாத்தானே நடப்பாங்கறார். கொஞ்ச நேரமாவது அவளைக் கீழ இறக்கி விடுங்க."

யாரும் இறக்கி விடவில்லை.