பிளேட் முடிகிற இடம்

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, முன்கையில் வைத்த ஸ்டீல் பிளேட்டை இனி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சகாயராணி எக்ஸ்ரேயில் தெரிந்த அந்த வெள்ளைப் பட்டையையும் அதன் ஆறு ஸ்க்ரூக்களையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"உள்ளேயே இருக்கட்டும் டாக்டர். இருந்தா மறுபடி உடையாதுல்ல?"

"பிளேட் இருக்கிற இடத்துல உடையாது. அது முடியற இடத்துல உடையும். இனிமேலாவது பாத்ரூம்ல பார்த்து நடங்கம்மா."

பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று கை உடைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதவைத்த அவள் புருஷன், கதவுக்கு வெளியே இளநீரோடு நின்றிருந்தான்.

"ராணி, முடிஞ்சுதா?" என்று அன்பாகத்தான் கேட்டான். அந்தக் குரலுக்கே அவள் கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. மெல்ல அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் குனிந்தாள்.

"அப்போ மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் நீளமா ஒண்ணு வெச்சிடுங்க டாக்டர்."