லிப்ட் மெக்கானிக்கின் மூச்சு

அவசரப் பிரிவின் ஜன்னல் வழியே காலை வெயில் கட்டிலில் விழுகிறது. மாரடைப்புதான் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்த லிப்ட் மெக்கானிக், வேர்வை காயாமல் படுத்திருக்கிறார். மரத்துப்போன விரல்களை அவர் மனைவி ஒவ்வொன்றாக நீவிவிடுகிறாள். டாக்டரம்மா இ.சி.ஜி. தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார். “இதயம் நல்லா இருக்கு. ரத்தமும் ரெண்டு தடவை பாத்தாச்சு. இது மாரடைப்பு இல்ல, பதற்றத்துல வந்த ‘பேனிக் அட்டாக்’. பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போய் இறங்கியிருக்கு.” “அப்ப நான் நடிச்சேனா?” “சேச்சே! உங்க தவிப்பு நிஜம். அடுத்த தடவை நெஞ்சு வலிச்சாலும் இங்கதான் வரணும், நீங்களா முடிவு கட்டக்கூடாது.” மெக்கானிக்கின் முகம் தெளியவில்லை. மனைவி குனிகிறாள். “லிப்டுல மாட்டினவங்க காத்து தீந்துபோச்சுன்னு அலறினா என்ன சொல்வீங்க?” “காத்து நிறைய இருக்கு, மெதுவா மூச்சு விடுங்கம்பேன்.” சொல்லிவிட்டுச் சற்று யோசிக்கிறார். “அவங்களும் நடிக்கலதான்.” “கதவு திறந்ததும்?” “லேட்டா வந்தேன்னு என்னைத் திட்டுவாங்க.” “எனக்கும் இப்பத்தான் கதவு திறந்திருக்கு. என் உசுரையே எடுத்துட்டீங்களே, மனுஷா!” என்று அவள் ஆரம்பிக்கிறாள். அவர் கண்ணை மூடி, ஒரு வசவையும் விடாமல் கேட்டபடி, நீளமாக மூச்சு விடுகிறார்.