பொட்டுக்கு நேராகப் பொட்டு

வேகம் ஐம்பதைத் தாண்டினால் பிக்கப் வண்டி அடியிலிருந்து நடுங்கியது. ஆயுத பூஜைக்கு முன்பு இல்லாத நடுக்கம். மெக்கானிக் தங்கையா டயர்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணுமில்லக்கா. உங்க கைதான் நடுங்குது. ஆஸ்பத்திரில பிரஷர் பாருங்க" என்றான். பட்டறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வசந்தமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைப்பாதையில் கேரட் மூட்டையோடு வண்டியை இறக்குகிற கை இது. அங்கேயே வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டைக் கழற்றினாள். ஃபோர் வீலில் போட்டு, முன்சக்கரங்களை மட்டும் இழுக்கவிட்டு, ஒரு ஓட்டு ஓட்டி வந்தாள். நடுக்கம் இல்லை.

"அப்ப கோளாறு இதுலதான்" என்று ஷாஃப்டை அவன் மேஜைமேல் போட்டாள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டுகள். இரண்டிலும் சந்தனத்தின்மேல் குங்குமம்.

"பூஜைக்கு நான்தானேக்கா கழட்டிக் கழுவுனேன். பொட்டுக்கு நேரா பொட்டு பாத்துத்தான் மாட்டிருக்கேன்."

"கழட்டிப் போட்டிருந்தப்பவே பொட்டு வச்சியா?"

தங்கையா தலையாட்டினான். அவள் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஒரு துண்டில், இரண்டும் நேராகச் சேர வேண்டிய இடத்தைக் காட்ட உளியால் வெட்டிய பழைய அடையாளம் பொட்டுக்கு அடியிலேயே இருந்தது. அடுத்த துண்டில் அது கால் சுற்று தள்ளி இருந்தது. டீக்கடைக்காரர் அவளுக்கு வைத்துப்போன, விளிம்பு வரை நிறைந்த டீ கிளாஸைச் சிந்தாமல் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, பிடி."

சிரித்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள்.