முதலுதவிக் கேள்வி

“ஏனுங்க பாய், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு இங்க உக்காந்து பலாச்சுளை சாப்பிடறீங்களா?”

சோளக்காடு பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. செல்வத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அப்பாஸ் அலி கையில் எடுத்த சுளையை அப்படியே வைத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் ஜிம் நடத்துபவர். உடற்பயிற்சி கோச்சுகள் சங்கத்துக்குத் தலைவர்.

“ஃபெயிலா தம்பி?”

“பாஸாகியிருந்தா மாலையோட வந்திருப்பேனுங்களே!”

போன வருஷம் வரை கோச் சான்றிதழ் வாங்குவது சுலபம். ஒரு கேம்ப், ஒரு குரூப் போட்டோ, மத்தியானம் பிரியாணி. முடிந்தது. ‘பிள்ளைங்க முதுகெலும்பை நம்பி ஒப்படைக்கிறாங்க, பிரியாணி போதாது’ என்று சங்கத்தில் சண்டை போட்டு, எழுத்து, செய்முறை, முதலுதவி என்று பரீட்சையைக் கொண்டுவந்தவர் இந்த மனுஷன்தான்.

இன்றைக்கு மலைமேல் பள்ளிக்கூடத்தில் அந்தப் பரீட்சை. சேலத்திலிருந்து வந்த மேடம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, முடிவையும் அங்கேயே சொல்லி அனுப்பினார்.

செல்வம், மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊர்ப்பகுதியின் பெண்கள் கபடி டீமுக்கு கோச். புதுச் சான்றிதழ் இல்லையென்றால் மாவட்டப் போட்டியில் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. முதல்முறையாக மலையிறங்கும் பிள்ளைகள். வேலிக்கு வெளியே நின்று கத்தினால் அவர்களுக்குக் கேட்குமா?

“எழுத்துல பாஸுங்க, செய்முறையில பாஸு. முதலுதவில கவுத்துட்டாங்க.”

“என்ன கேட்டாங்க?”

“ஓடற பிள்ளை வெயில்ல மயங்கி விழுந்தா என்ன செய்வீங்கன்னாங்க. தூக்கி உக்கார வெச்சு சோடா குடுப்பேன்னேன்.”

“சோடா நல்லதுதானுங்க சாமி?” பலாப்பழம் விற்ற ராமாயி செல்வத்தின் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

“மயக்கத்துல இருக்கிறவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாதும்மா. புரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, உடம்பைக் குளிர வைக்கணும்” என்றார் அப்பாஸ் அலி.

செல்வத்துக்கு ரத்தம் கொதித்தது.

“பாத்தீங்களா! பதில் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர் போதும்னு கணக்கு. நாங்க ஃபெயிலானா மலையில இருக்கிற டீமெல்லாம் உங்க ஜிம்முக்கு வந்துரும். அதுக்குத்தான காலையில இருந்து பள்ளிக்கூட வராந்தாவுல உக்காந்து எங்கள வேடிக்கை பார்த்தீங்க?”

“வேடிக்கை பார்க்கல தம்பி. என் முறைக்குக் காத்திருந்தேன்.”

“உங்க முறையா? தலைவருக்குப் பரீட்சை கிடையாதுன்னு சொன்னாங்களே?”

“அப்படித்தான் எழுதி வெச்சிருந்தாங்க. நான்தான் அந்த வரியை அடிச்சு எடுக்கச் சொன்னேன்.”

பஸ் வந்து நின்றது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

“அப்ப... இந்தப் பதில்?”

“இப்பத்தான் மேடம் திட்டிக்கிட்டே சொல்லிக் குடுத்தாங்க.” அப்பாஸ் அலி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். “போட்டிக்கு முன்னாடியே மறுபரீட்சை வருது. அதுவரைக்கும் என் ஜிம்முலயே நான் யாருக்கும் சொல்லித்தரக்கூடாது. சேர்ந்து படிக்கலாமா தம்பி? நீங்களாச்சும் சோடாவோட நின்னீங்க. நான் இளநீர் வெட்டவே போயிட்டேன்!”