கதவு வரைக்கும்

“மாசானம், கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க” என்றார் டாக்டர்.

அவன் மேசையைப் பிடித்து எழுந்தான்.

அரசு ஆஸ்பத்திரியின் சின்ன அறை. கதவு எதிரிலேயே இருந்தது. வெளியே, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வந்தவர்களின் வரிசை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள்.

பெயிண்டர் அவன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடி. அதிலிருந்து இடது கால் அவனுக்கு அடங்கியதில்லை. சில நாள் சொன்ன பேச்சைக் கேட்கும். சில நாள் நடுத்தெருவில் மரத்துப்போய் அவனைத் தள்ளிவிடும். எந்த மேஸ்திரியும் அவனை இனி ஏணியில் ஏற்றத் தயாராக இல்லை.

போன முகாமில் கால் பேச்சைக் கேட்டுத் தொலைத்தது. நன்றாகத்தானே நடக்கிறீர்கள் என்று அப்போதிருந்த டாக்டர் ஊனச் சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார். உதவித்தொகை கிடைக்கவில்லை.

அதனால்தான் காலையில் பஸ்ஸில் கோமதி தணிந்த குரலில் கேட்டாள், கொஞ்சம் இழுத்து நடந்தால் என்ன குறைந்துவிடும் என்று. வீட்டில் படுகிற பாட்டைத்தானே அங்கே காட்டச் சொல்கிறேன் என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபம் வந்தது. பீடி சுற்றி வீட்டை ஓட்டுகிறவளிடம் எப்படிக் கோபப்படுவது?

முதல் அடி வைத்தான்.

உள்ளபடி நடந்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தான்.

உள்ளபடி என்றால் எப்படி?

டாக்டரின் பார்வை காலில் இருந்தது. கால் லேசாக இழுத்தது. அதுவாக இழுத்ததா, அவன் இழுத்தானா? அவனுக்கே தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. அடுத்த அடியை நேராக வைத்தான். வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஐயோ, நன்றாக நடக்கிறேனோ.

சட்டை முதுகில் ஒட்டியது.

கதவைத் தொடக் கை நீட்டினான். கால் இல்லை.

விழுந்தான். தாடை தரையில் மோதி வாய்க்குள் ரத்தம் கரித்தது. எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே வேறு யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது.

இரண்டு காலும்.

வலது கால் இதுவரை அவனைக் கைவிட்டதில்லை.

தலையைத் தூக்கினான். கோமதி ஓடிவரவில்லை. அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிபட்டுவிட்டதா என்று டாக்டர் எழுந்து வந்து கேட்டார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அவன் இல்லையென்று தலையாட்டிவிட்டான். அவர் திரும்பிப் போய் எழுதத் தொடங்கினார்.

பணியாளர் ஒருவர் அவனைத் தூக்கிவந்து வெளியே பெஞ்சில் சாய்த்து வைத்தார். உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து கோமதி வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவன் பக்கம் குனிந்தாள்.

“போதும், எந்திரிங்க. எழுதிட்டாவ.”

அவன் தன் வலது தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.