செவலை முகர்ந்த சுவர்

பசு வாசற்படியில் நின்றுவிட்டது.

அவளுக்கும் மூச்சு நின்றுவிட்டது.

கொம்பில் சாமந்திச் சரம். நெற்றியில் சற்றுமுன் வாசலில் அவளே வைத்த மஞ்சளும் குங்குமமும். பின்னால் கன்றைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் மதிவாணன். தாய்ப்பசு செவலையின் கயிறு மாமனார் வைரக்கண்ணுவின் கையில்.

புதுவீட்டுக்குள் முதலில் பசுதான் நுழைய வேண்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

இந்த வீட்டின் சுவர்கள்தான் வைக்கோல்.

அறுவடை மெஷின் போன பிறகு வயலில் கிடந்து மட்கும் வைக்கோல். அதைச் சுண்ணாம்புப் பாலில் ஊறவைத்து, அழுத்தி, காயவைத்துப் பலகையாக்கி, மேலே பூச்சும் பூசியிருந்தாள். அவளும் நான்கு பெண்களும் இரண்டு வருடமாக ஒரு கொட்டகையில் இந்தப் பலகையைத்தான் செய்கிறார்கள். அதில் எழுந்த முதல் வீடு இது. அவளுடைய சொந்த வீடு. வேறு யார் நம்பி இடம் கொடுப்பார்கள்?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வீட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் பலகை சொல்வதாகப் பேச்சு. இப்போது அவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை. மாட்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் மாமனார் செய்த வேலை.

அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து டீக்கடை, ரேஷன் கடை என்று ஓர் இடம் விடாமல் சொல்லிச் சிரித்திருந்தார். மருமகள் மாட்டுத் தீனிக்குள்ளே குடித்தனம் நடத்தப் போகிறாளாம். சுண்ணாம்பு ஏறிய வைக்கோலை மாடு தொடாது என்று அவள் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பாள். பத்துத் தடவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுபடி டீக்கடைக்குப் போனார்.

நேற்று மட்டும் சிரிக்கவில்லை. மாட்டைத் தானே ஓட்டிவருவதாகவும், காலையில் யாரும் தொழுவம் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னார்.

பட்டினி போட்டு ஓட்டிவரப் போகிறார் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. மதிவாணனிடம் சொன்னாள். அப்பாவைப் பற்றித் தெரியாதா என்று அவன் புரண்டு படுத்துக்கொண்டான்.

வைரக்கண்ணு நாக்கைச் சொடுக்கினார். செவலை உள்ளே கால் வைத்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

நான்கு எட்டு வைத்தது. நின்றது. இடப்பக்கச் சுவரைப் பார்த்தது.

அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

சுவிட்ச் பெட்டிக்காக எலக்ட்ரீசியன் வெட்டிய ஓட்டை. பெட்டியை வைக்காமலே போயிருக்கிறான், பாவி. உள்ளங்கை அகலத்துக்கு வைக்கோல் மஞ்சளாகத் தெரிந்தது.

ஒரு வாய்க்குப் போதும்.

அந்த ஒரு வாயை ஊர் பத்து வருடம் பேசும். கொட்டகையைப் பூட்டிச் சாவியை வாய்க்காலில் போட்டுவிடலாம்.

சின்ன மாமனார் கோவிந்தசாமி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாபேட்டை அம்மாள் கணவரின் முழங்கையைத் தொட்டாள்.

செவலை ஓட்டையில் மூக்கை வைத்தது.

சுண்ணாம்பு, விளக்கம், பத்துத் தடவை எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. தின்னுடாதே தாயே என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

புஸ்ஸென்று ஒரு மூச்சு.

கொஞ்சம் தூசி பறந்தது.

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆடி அசைந்து நடுக்கூடத்துக்கு வந்து, வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

கூடம் முழுக்கச் சிரிப்பு. மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அம்மாபேட்டைக்காரர் சுவரருகே போய் விரலை மடக்கித் தட்டினார். தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் தட்டினார். கொட்டகைக்கு எப்போது வந்தால் தோதாக இருக்கும் என்று கேட்டார்.

அப்பாடா என்று இருந்தது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று குனிந்து, தாம்பாளத்திலிருந்த அகத்திக்கீரைக் கட்டை எடுத்தாள்.

பாவம், நேற்றிலிருந்து பட்டினி.

நீட்டினாள்.

செவலை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். அதற்கும் அதே மரியாதைதான்.

அகத்திக்கீரையை வேண்டாம் என்று சொன்ன மாட்டை அவள் பார்த்ததே இல்லை. பக்கவாட்டில் வந்து நின்று பார்த்தாள். வயிறு இரண்டு பக்கமும் திம்மென்று புடைத்திருந்தது. இனி ஒரு புல் இறங்காது.

மாமனாரைப் பார்த்தாள்.

தோளில் புதுத் துண்டு. வேட்டியும் புதுசு. முழங்காலில் மட்டும் பச்சையாகப் புல்கறை. முன்கை மயிரில் தவிடு ஒட்டி, இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கயிற்றை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். தவிடு ஒட்டிய கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டார். மூலையில் மூன்று செங்கல் வைத்து ஏற்றியிருந்த பால்பானைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பாலப் பாரும்மா. பொங்கிடப் போவுது.”

அடுப்பை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை.