முதுகு

கானாவிலிருந்து அமுதா தத்தெடுத்து வந்த இரண்டு வயது எசி, மூன்று நாளாகக் கண்மூடவில்லை. தொட்டிலில் போட்டாலும் இடுப்பில் வைத்தாலும் அலறினாள். "யார் பெத்ததோ, காகிதத்தை நம்பித் தூக்கியாந்துட்டா" என்று அமுதாவின் அப்பா மூக்கையா கிட்டேயே போகவில்லை. கட்டிலுக்கடியில் உருண்ட தீப்பெட்டியை எடுக்க அவர் மண்டிபோட்டுக் குனிந்தபோது, எசி தத்தித் தத்தி வந்து அவர் முதுகில் ஏறிக் கன்னத்தைப் பதித்தாள். அழுகை நின்றுவிட்டது.

"ஐயோ, அங்க பிள்ளைங்கள முதுகுலதான் கட்டிக்குவாங்க. எனக்குத் தோணவே இல்லையேப்பா!"

மூக்கையா அசையவில்லை. ஐம்பது வருஷம் நெல்மூட்டை சுமந்த முதுகு அது. எந்த மூட்டையும் இப்படி உள்ளே துடித்ததில்லை.

"தூங்கிட்டா. இறக்கட்டுமா?"

"தொட்டே, கையை முறிச்சிருவேன். துண்டை எடுத்துக் கட்டுடி."